பௌர்ணமிக்கு முன் எழுத வேண்டிய குறிப்பு

‘கிளிமிபிரைடு 1 மி.கி., காலை உணவுக்கு முன்’ என்று நான் எழுதினால் மருந்துக்கடைக்காரருக்குப் புரியும். பௌர்ணமிதோறும் விரதமிருந்து அண்ணாமலையைச் சுற்றும் சுகர்கார அம்மாவுக்கு அது போதாது. சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தால் சர்க்கரை இறங்கி வழியிலேயே மயங்கி விழலாம்.

திருவண்ணாமலையில் மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஆங்கிலக் குறிப்பை எளிய தமிழாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு பெரிய உதவி. ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுத யாருக்கு நேரம்? பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுப்பேன். நிமிடத்தில் வரைவு வந்துவிடும். அதன் பொறுமையான தொனி எனக்கு மிகவும் பிடிக்கும்.

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 50 டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எளிமையாக்கிப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பதினோராம் வகுப்புத் தரத்தில் இருந்த நடை ஆறாம் வகுப்புக்கு இறங்கியது. ஆனாலும் மருத்துவர்கள் செய்த 100 மதிப்பீடுகளில் 18-இல் நோயாளியின் பாதுகாப்பு பற்றிய கவலை பதிவானது. பெரும்பாலும் விடுபட்ட தகவல்களால். அதனால் வரைவைக் கையில் எடுத்ததும் அதில் இல்லாததைத்தான் முதலில் தேடுகிறேன்: மருந்தின் அளவு, நேரம், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்பது.

இன்னொரு வகை விடுபடல் உண்டு. என் ஆங்கிலக் குறிப்பிலேயே இல்லாதது தமிழில் எங்கிருந்து வரும்? மலையைச் சுற்றும் கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். ‘எப்போதும் செருப்பு அணியுங்கள்’ என்று வரைவு சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் செருப்போடு மலையைச் சுற்ற அந்த அம்மாவுக்கு மனம் வராது. எனவே முதலில் கேட்கிறேன்: “இந்தப் பௌர்ணமிக்குப் போறீங்களாம்மா? விரதமா?” பிறகு 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். உணர்ச்சி மரத்திருந்தால் குறிப்பில் இப்படிச் சேர்ப்பேன்: ‘உங்கள் காலுக்குச் சூடும் கல்லும் தெரியாது. வெறுங்காலில் நடக்க வேண்டாம், கூட்டமில்லாத வேறு நாளில் ஆட்டோவில் சுற்றுங்கள். தினமும் விரலிடுக்கு வரை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். கொப்புளம் இருந்தால் வலி இல்லாவிட்டாலும் மறுநாளே வாருங்கள்.’ விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதையும் அவரவருக்கேற்ப நானே எழுதுகிறேன். கடைசியில் நோயாளியையே வாசித்துச் சொல்லச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரை.

சர்க்கரை நோயுள்ள அன்பர்களே, மலை சுற்றப் போவதையும் விரதமிருப்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.