ஒலிநாடாவில் ஒரு கூத்து

1978ஆம் ஆண்டு விடுமுறையிலே பூவரசங்குளத்தில் நாங்கள் ஒலிப்பதிவு செய்த இசை நாடகம் மேடையைக் காணவேயில்லை. 1957 மார்கழிப் பெருவெள்ளத்திற் குளக்கட்டைக் காத்து நின்ற ஒரு குடும்பத்தின் கதையை நான் எழுதியிருந்தேன். மெட்டமைத்தவர் எங்களூர் அண்ணாவியார். மேடையேற்ற உதவக்கூடியோருக்குப் போட்டுக்காட்ட ஒரு மாதிரிப் பதிவு வேண்டியிருந்தது.

விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனையில் தயாரித்தளித்ததை அறிந்திருந்த எனக்குச் சுருக்கம் ஒரு கொள்கையாகவே இருந்தது. போதாக்குறைக்கு, எங்களிடம் இருந்ததோ பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் ஒரேயொரு ஒலிநாடா.

எதிரொலியை அடக்க நெல்லுச் சாக்குகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டோம். இரவல் வாங்கிய பதிவுக் கருவி ஒலியளவைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் இயல்புடையது. மத்தளம் ஓங்கி விழுந்தாற் பாட்டு அமுங்கும். பாட்டு ஓய்ந்தாலோ வெளியே கத்தும் தவளைகள் நாடகத்துள் நுழைந்துவிடும். மத்தளத்தை முற்றத்துக்கு அனுப்பினோம். தவளைகளை என்ன செய்வது? வெள்ளக் கதைக்கு அவை பொருத்தமே என்று தேற்றிக்கொண்டோம்.

தாயின் புலம்பலுக்கு நான் எழுதியவை நான்கு வரிகள். அண்ணாவியார் அவற்றைப் பாடி முடித்தபின்னும் நிறுத்தவில்லை. அந்த இரவைத் தம் கண்ணாற் கண்டவர் அவர். என் ஏட்டில் இல்லாத வரிகள் வந்துகொண்டேயிருந்தன. எனக்கோ கைக்கடிகாரத்தின் மேலேயே கண். மங்களத்துக்கு இடம் வேண்டுமே! கருவியை நிறுத்தினேன்.

“தம்பி, வெள்ளம் வடிய முன்னம் நிப்பாட்டிப்போட்டீரே” என்றார். பிறகு மங்களத்தைக் குறைவின்றிப் பாடிக்கொடுத்தார்.

ஒரு வாரங் கழித்து, விடுதி அறையிற் புதிய பற்றறிகள் இட்டுக் கேட்டேன். இரண்டாம் பக்கம் போகப்போக அவர் குரல் ஏறிக்கொண்டே சென்று, முடிவில் இருபது வயது இளைஞனின் குரலாகிவிட்டது. பதிவின்போது பழைய பற்றறிகள் சோர, நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்பொழுது சரியான வேகத்தில் ஓடவே, குரல் உயர்ந்து ஒலித்தது. அடுத்த விடுமுறையில் மீண்டும் பதிவு செய்யலாமென்று எண்ணியிருந்தேன். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

நாடா மெதுவாக ஓடியதால் மற்றொன்றும் நேர்ந்திருந்தது. மங்களம் முடிந்தபின்பும் அந்தப் பக்கத்திற் பதிவில்லாத நாடா எஞ்சியிருந்தது. மூன்று நிமிடம்.