கூழைக்கடாவுக்கு வந்த ரத்தம்

பழைய கத்தோலிக்கக் கோயில்களில் நற்கருணைப் பேழையின் கதவைக் கவனித்தவர்கள் அந்தப் பறவையைப் பார்த்திருப்பார்கள். சிறகை விரித்து, கழுத்தை வளைத்து, தன் மார்பைத் தானே குத்திக்கொண்டு நிற்கும். கீழே குஞ்சுகள் வாயைப் பிளந்து, வழிகிற ரத்தத்தைக் குடிக்கும். "இது பெலிக்கன். பசித்த குஞ்சுகளுக்குத் தன் ரத்தத்தையே ஊட்டும். இயேசுவும் அப்படித்தான்" என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பெலிக்கன் என்பது நம் கூழைக்கடாதான் என்று எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது. தெரிந்ததும் இடித்தது. கதவில் இருக்கும் பறவைக்குக் கொக்கி போல வளைந்த கூர் அலகு. தொங்கும் பையைக் காணோம். பார்த்தால் பருந்து மாதிரி இருக்கிறது. யார் இதைக் கூழைக்கடா என்றார்கள், எதை வைத்து?

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். நின்று பார்க்க வேண்டிய காட்சி. குஞ்சு தன் தலையைத் தாயின் அலகுக்குள் நுழைத்து, கழுத்து வரை உள்ளே போய், பாதி செரித்த மீனை அள்ளித் தின்கிறது. வெளியே தெரிவதெல்லாம் படபடக்கும் மொட்டைச் சிறகுதான். தாய் அலகைத் தாழ்த்தி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நிற்கிறது. பெலிக்கன் கதைக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கமும் இதுதான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அழுத்துவதைக் குத்துவதாக நினைத்துவிட்டார்களாம். டால்மேஷியக் கூழைக்கடாவின் பை இனப்பெருக்க காலத்தில் செக்கச்செவேலென்று ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையின் மூல வடிவத்தைத் தேடிப் போனால் அங்கே பசியே இல்லை.

விவிலியத்தில் இந்தக் கதை கிடையாது. 102-ஆம் திருப்பாடலில் துயரப்படுகிறவர் தன்னைப் பாலைநிலத்துத் தனிப் பறவையோடு ஒப்பிடுகிறார். அந்தப் பறவையைக் கிரேக்கத்தில் பெலிக்கன் என்று எழுதினார்கள், அவ்வளவே. அதே கிரேக்க விவிலியத்தின் லேவியராகமத்தில் தின்னக்கூடாத அசுத்தப் பறவைகளின் வரிசையில் பெலிக்கனும் உண்டு. கதை பிறந்த இடம் 'ஃபிசியோலோகஸ்' என்ற கிரேக்க நூல். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்கும் 4-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், பெரும்பாலும் அலெக்சாந்திரியாவில், பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. சிங்கம், யானை, ஃபீனிக்ஸ், எறும்பு என்று ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லி, அதிலிருந்து கிறிஸ்தவப் பொருள் எடுக்கும் நூல். இதைத் தள்ளுபடி நூல்களின் பட்டியலில் ஒரு காலத்தில் சேர்த்தும் பார்த்தார்கள். யாரும் படிப்பதை நிறுத்தவில்லை.

அதில் வரும் கூழைக்கடா வேறு ரகம். குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரின் முகத்தில் கொத்துகின்றன. பெற்றோர் கோபத்தில் திருப்பி அடிக்க, குஞ்சுகள் செத்துப்போகின்றன. பிறகு துக்கம். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து ரத்தத்தைச் சொட்டவிட, குஞ்சுகள் உயிர் பெறுகின்றன. புனித அகுஸ்தினாரும் இதே திருப்பாடலுக்கு விளக்கம் சொல்லும்போது இந்தக் கதைக்கு வருகிறார். மெய்யோ பொய்யோ, மெய்யானால் கிறிஸ்துவுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள் என்கிற தோரணையில் பட்டும் படாமல் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பறவை நைல் நதிப் பக்கம் வாழ்வதாகவும் சொல்கிறார். எனக்கு அந்த நைல்தான் துப்பாகப் பட்டது.

முதலில் குஞ்சுகளின் அந்தச் சாவு. பறவையியலாளர்கள் பதிவு செய்த ஒன்று உண்டு. கூழைக்கடாக் குஞ்சு இரை தின்னும் முன்போ தின்ற பின்போ திடீரென்று வெறி பிடித்ததுபோல் கத்தும், தலையைத் தரையில் மோதிக்கொள்ளும், சுற்றிச் சுற்றி வரும். சில சமயம் வலிப்பு வந்ததுபோல் மயங்கி விழும். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். கிட்டே இருந்து பார்த்த மீனவர் எவருக்கும் செத்துப் பிழைத்த கதை அங்கேயே தயார். கொத்தும் குஞ்சு, விழும் குஞ்சு, எழும் குஞ்சு: கதையில் இவ்வளவும் கண்ணால் கண்டது என்றே நம்புகிறேன்.

ரத்தம் மட்டும் கூழைக்கடாவுடையது அல்ல. எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் ஹோரபொல்லோவின் நூலில், குஞ்சுகளுக்கு இரை கிடைக்காதபோது தன் தொடையைக் கிழித்து ரத்தம் கொடுப்பது பிணந்தின்னிக் கழுகு. அதே நூலில் கூழைக்கடாவும் வருகிறது, முட்டாளாக! தரையில் முட்டையிடுமாம். மனிதர்கள் சுற்றிலும் சாணத்தைப் போட்டுத் தீ வைப்பார்களாம். அது சிறகால் விசிறித் தீயை வளர்த்து, தன் சிறகைப் பொசுக்கிக்கொண்டு பிடிபடுமாம். இந்த நூல் 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது, ஃபிசியோலோகஸுக்குப் பிந்தியது. ஆனால் கழுகைத் தாயாகப் பார்ப்பது பாரோக்கள் காலத்துப் பழக்கம். தாய் என்று எழுதவே கழுகுப் படத்தைத்தான் போட்டார்கள். கழுகின் தியாகமும் கூழைக்கடாவின் அசட்டுப் பாசமும் நைல் கரையில் ஒன்றாகிவிட்டன என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஐரோப்பியச் சிற்பிகளில் பலர் கூழைக்கடாவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் பாட்டுக்குக் கொக்கி அலகைச் செதுக்கிவைத்தார்கள். தெரியாமலே கழுகுக்குரியதைக் கழுகுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காலப்போக்கில் கதையிலிருந்து கோபம் மெல்ல மெல்லக் கழன்றுபோனது. தாமஸ் அக்குவினாஸ் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலில் இயேசு பரிவுள்ள பெலிக்கன். 1575 வாக்கில் வரைந்த ஓர் ஓவியத்தில் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் மார்பில் பெலிக்கன் பதக்கம் அணிந்து, குடிகளின் தாயாகக் காட்சி தருகிறார். அடிதடியெல்லாம் அரசிக்கு ஆகாது. ஷேக்ஸ்பியர்தான் குஞ்சுகளின் கொடுமையை விடவில்லை; லியர் மன்னன் தன் மகள்களைத் திட்ட இந்தப் பறவையைத்தான் கூப்பிடுகிறான். எனக்கு அந்தப் பழைய கூழைக்கடாவைத்தான் பிடித்திருக்கிறது. அடித்துவிட்டு அழுகிற, அழுதுவிட்டுத் தன்னையே கிழித்துக்கொள்கிற பறவையிடம் மன்னிப்பு என்கிற விஷயம் இருக்கிறது. பசிக்கு ஊட்டும் பறவையிடம் இருப்பது பரிதாபம் மட்டும்தான்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கொடியிலும் இதே பறவை உண்டு. கூழைக்கடா அங்கே கடற்கரையில் திரிகிற பறவை. 1960-களில் பூச்சிமருந்தால் அற்றுப்போக, ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து மறுபடி வளர்த்தார்கள். அது எப்படி இரை ஊட்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும், கொடியில் ரத்தத் துளிகள் விடுபட்டுப்போகின்றன என்று ஒரு பள்ளி மாணவர் சுட்டிக்காட்ட, 2006-ல் அவர்கள் சட்டமே போட்டார்கள்: பறவையின் மார்பில் மூன்று துளி ரத்தம் இருந்தே ஆகவேண்டும்.