பரண்ல இருந்து எறங்குன வட்டு

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப என்னோட எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸையும் பையில போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். (அம்மாவோட கமெண்ட்: "இருபத்தெட்டு வயசுல அவனவன் குழந்தையைத் தூக்கிட்டு வரான், இவன் பொட்டியைத் தூக்கிட்டு வரான்.") அண்ணனும் குடும்பத்தோட வந்திருந்தான். அதிரசம் சுட பெரிய வாணலி வேணும்னு அம்மா அவனைப் பரண்ல ஏத்திவிட, வாணலியோட ஒரு அட்டைப்பெட்டியும் சேர்ந்து எறங்குச்சு. உள்ள அவனோட காலேஜ் காலத்து எக்ஸ்பாக்ஸ் 360 கேம் வட்டுங்க. வேலை கிடைச்சு கிளம்பினப்பவே 360-யை ஒரு ஃப்ரெண்டுக்குக் கொடுத்துட்டான். வட்டுங்க மட்டும் வீட்டுலயே தங்கிருச்சு.

அண்ணன் பையனுக்கு எட்டு வயசு. பெட்டியைக் கிண்டி 'பர்ன்அவுட் பாரடைஸ்' வட்டை எடுத்தான். 2008-ல வந்த கார் கேம், அவனைவிட மூத்தது. சட்டையில ஒரு துடை துடைச்சான், என் பொட்டியில சொருகினான். நெட்ல இருந்து என்னமோ எறங்குச்சு, அப்புறம் கேம் ஓட ஆரம்பிச்சுது. "சித்தப்பா, இதுல பிரேக் எது?"ன்னு கேட்டான். அவ்ளோதான். ஒரு ஆச்சரியமும் இல்ல. வட்டைப் போட்டா ஓடணும், ஓடுது.

எனக்குத்தான் வாய் மூடல. ஏன்னா உள்ள நடக்குற கூத்து அப்படி. 360-ல இருந்தது ஐபிஎம் கூட சேர்ந்து பண்ணின மூணு கோர் பவர்பிசி பிராசஸர். இப்ப இருக்கிறது ஏஎம்டியோட எக்ஸ்86. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு எண்ணை மெமரியில அடுக்குற வரிசைகூட ஒண்ணுக்கொண்ணு தலைகீழ். அதனால 360-யோட ஆபரேட்டிங் சிஸ்டத்தையே உள்ள ஒரு புரோகிராம் மாதிரி ஓடவிட்டு, அதுக்குள்ள கேமை ஓட்டுறாங்க. வட்டுல இருக்கிற கேம் நேரா ஓடுறதில்ல. வட்டு வெறும் சாவி. புது மிஷினுக்காகத் திரும்பக் கட்டின கேம் நெட்ல இருந்து வரும். மைக்ரோசாஃப்ட் இதை 2015 ஜூன்ல அறிவிச்சு, நவம்பர்ல 104 கேமோட ஆரம்பிச்சாங்க. 2021 நவம்பர்ல கடைசியா 76 கேம் சேர்த்துட்டு, லைசென்ஸ், சட்டம், டெக்னிக்கல்னு காரணம் சொல்லி, இதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க.

இதுல இன்னொரு பள்ளிக்கூடமும் உண்டு. மொழிபெயர்ப்பு வேலையே வேணாம், பழைய சிப்பையே உள்ள வச்சுடலாம்கிற ரகம். 2000-ல வந்த பிளேஸ்டேஷன் 2-க்குள்ள பிளேஸ்டேஷன் 1-ஓட மெயின் பிராசஸர் உக்கார்ந்திருந்தது. சும்மா இல்ல, PS2 கேம் ஓடுறப்ப கன்ட்ரோலர், மெமரி கார்டு மாதிரி எடுபிடி வேலை பார்க்கும். PS1 வட்டைப் போட்டா மறுபடி ஹீரோ ஆயிடும். ரிட்டயர் ஆன தாத்தா காலையில ரேஷன் கடை க்யூவுல நிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

2006-ல PS3 வந்தப்பவும் அதே ரூட்டுதான். ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் வந்த முதல் மாடல்கள்ல PS2-வோட ரெண்டு முக்கிய சிப்பும் உள்ள இருந்தது. ஆனா அமெரிக்காவுல 60 ஜிபி மாடல் விலை 599 டாலர். 2007 மார்ச்ல ஐரோப்பாவுக்கு வந்த மாடல்லயே ஒரு சிப்பைத் தூக்கியாச்சு. அந்த வருஷக் கடைசியில 399 டாலர் 40 ஜிபி மாடல் வந்தப்ப ரெண்டும் காலி, PS2 வட்டு ஓடாது. விலையைக் குறைக்கணும்னு உக்கார்ந்தா முதல்ல வெட்டு விழுறது தாத்தா மேலதான்.

அப்புறம் 2013-ல PS4 எக்ஸ்86-க்கு மாறுச்சு. PS3-ல இருந்த 'செல்' பிராசஸர் ஒரு விசித்திர ஜந்து. ஒரு மெயின் கோர், பக்கத்துல 256 கேபி சொந்த மெமரியோட குட்டி குட்டியா உதவி கோருங்க. அதுக்குன்னே செதுக்கின கோடை வேற எதுலயும் அதே வேகத்துல ஓட்டுறது பெரும்பாடு. PS4-ல PS3 வட்டு ஓடாது, 2020-ல வந்த PS5-லயும் ஓடாது. PS5-ல 4,000-க்கும் மேல இருக்கிற PS4 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும், ஏன்னா ரெண்டும் ஒரே குடும்பத்து சிப்.

இதோட விலை யார் தலையில விழுதுன்னு பார்க்க ஒரே ஒரு கேம் போதும். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்', 2010-ல வந்தது. 360-க்கு வாங்கினவர் 2016 ஜூலையில இருந்து அதே வட்டை எக்ஸ்பாக்ஸ் ஒன்ல போட்டு ஆடலாம், காசு கிடையாது. PS3-க்கு வாங்கினவருக்கு 2023 ஆகஸ்ட்ல PS4-க்குன்னு தனியா வந்துச்சு. 49.99 டாலர், திரும்பவும்.

சரி, இதெல்லாம் எதுக்குப் புலம்புறேன்னா...

நான் பொட்டி தட்டுறது ஒரு சின்ன கம்பெனியில. மருந்துக்கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். ரெண்டு வருஷம் முன்னாடி புது வெர்ஷன் எழுதினப்ப, பழைய ஃபைல் ஃபார்மட்டைப் படிக்கிற கோடை வச்சுக்கலாமா வேணாமான்னு மீட்டிங். "வேணாம்"னு முதல்ல சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? அடியேன்தான். 'யாரு சார் இன்னும் அதை யூஸ் பண்றா, டெஸ்டிங்குக்கே ரெண்டு வாரம் போகும்'னு வீரமா பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தக் கோடை டிலீட் பண்ணினதும் நான்தான். அன்னிக்கு சாயங்காலம் மனசு லேசா இருந்ததுகூட ஞாபகம் இருக்கு.

தீபாவளிக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு மருந்துக்கடைக்காரர் ஃபோன் பண்ணினார். வயசானவர். பழைய கம்ப்யூட்டர் போயிருச்சு, பேக்கப் பத்திரமா இருக்கு, ஆடிட்டர் மூணு வருஷக் கணக்கு கேக்குறார், புது வெர்ஷன்ல தொறக்கலைன்னார். "அது இதுல வராது சார், ஃபார்மட் மாறிருச்சு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம், "நான் போட்ட கணக்குதானே தம்பி?"ன்னார்.

எனக்குப் பதில் தெரியல. பில் புக்கைப் பார்த்து பொண்ணை வச்சு திரும்ப டைப் பண்ணிக்கிறேன்னுட்டு அவரே வச்சுட்டார். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்தது.

அண்ணன் பையன் காரை செவுத்துல முட்டிக்கிட்டு இருந்தப்பதான் மண்டையில உறைச்சுது. பழசை ஒழுங்கா ஓட்டுற வேலை எவன் கண்ணுக்கும் தெரியாது. தெரியாம இருக்கிறதுதான் அதோட வெற்றியே. அதனாலதான் மீட்டிங்ல அதுக்காகப் பேச ஆள் இருக்காது. புது ஃபீச்சருக்குக் கைதட்டு உண்டு. 'நேத்து ஓடினது இன்னிக்கும் ஓடுது'ன்னா யார் கைதட்டுவா? அந்த எட்டு வயசுப் பையன்கூடத் தட்டல. ஆனா ஓடலைன்னா, ஒருத்தர் மூணு வருஷக் கணக்கைத் திரும்ப எழுதணும்.

ஊர்ல இருந்து வந்ததும் பழைய கோடை வெர்ஷன் ஹிஸ்டரியில இருந்து தோண்டி எடுத்தேன். நம்ம தலைமுறைக்கு அதுதான் பரண். ரெண்டு வாரக் கடைசியில பழைய ஃபைலைப் புதுசா மாத்துற ஒரு குட்டி புரோகிராம் தேறுச்சு. மேனேஜர் கிட்ட மீட்டிங்ல சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டு, எல்லா கஸ்டமருக்கும் கொடுக்க சம்மதம் வாங்கினேன். முதல் ஃபோன் அவருக்கு. அதுக்குள்ள அவர் பொண்ணு ஒரு வருஷத்துக் கணக்கை டைப் பண்ணி முடிச்சிருந்தாங்க. அதை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது.

மிச்ச ரெண்டு வருஷத்துக்காக ஃபோன்லயே படிப்படியா சொன்னேன். எலி சொடுக்குற சத்தம் கேட்டுச்சு.

"ம்... தொறக்குது தம்பி. சரி, கடையில கூட்டம், வச்சுடறேன்"னு வச்சுட்டார்.

வட்டைப் போட்டா ஓடணும், ஓடுது. அவ்ளோதான். எனக்கு அது போதும்.

பி.கு: உங்க வீட்டுப் பரண்ல என்ன வட்டெல்லாம் கிடக்கு? எதுல ஓடுது, எதுல ஓடல? சொல்லிட்டுப் போங்க மக்களே.