பீஜிங் போகும் உம்மாவின் பெட்டி



கணவர் வெளிவிவகார அமைச்சில் கடமையாற்றுபவர். பீஜிங் தூதரகத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. வீடெங்கும் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. இப்படிப் புறப்படும் குடும்பமொன்றின் உம்மா கேட்டவை மூன்று: எதைச் சாப்பிடுவது? எப்படித் தொழுவது? பிள்ளைகளுக்கு யார் ஓதிக் கொடுப்பது? பிள்ளைகளை உம்மும்மாவிடம் விட்டுவிட்டுப் போனால் என்ன என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. வெளிநாட்டுக்குக் குடிபெயரும் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்விகள்தான் இவை. எனவே உங்கள் எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில், சீனாவை இஸ்லாத்துக்கு அந்நியமான பூமி என்று எண்ண வேண்டாம். பீஜிங்கின் தென்மேற்கே ‘நியூஜியே’ என்றொரு பகுதி உண்டு. மாட்டுத் தெரு என்பது அதன் பொருள். அங்குள்ள பள்ளிவாசல் கி.பி. 996இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வளைந்த கூரைகளோடு சீன மாளிகை போலத் தெரியும். உள்ளே போனால் அறபு எழுத்தணிகளும் மிஹ்றாபும் உங்களை வரவேற்கும். பெண்களுக்குத் தனித் தொழுமிடமும் உண்டு. சுற்றிலும் ஹலால் இறைச்சிக் கடைகள், பலகாரக் கடைகள். அங்கு வாழும் முஸ்லிம்கள் பெரும்பாலும் ‘ஹூய்’ எனப்படும் சீன மொழி பேசுபவர்கள்.

இனி உணவு. ஹலால் என்பதைச் சீனர்கள் ‘சிங்ஜென்’ என்பார்கள். தூய்மை, உண்மை என்ற இரு சொற்கள் சேர்ந்தது அது. 2019இல் பீஜிங் ஹலால் கடைகளின் பெயர்ப்பலகைகளிலிருந்து அறபு எழுத்தையும் பிறைச் சின்னத்தையும் அகற்றும்படி அதிகாரிகள் பணித்தார்கள். எனவே அறபைத் தேடி ஏமாறாமல், அந்த இரண்டு சீன எழுத்துகளையும் இங்கேயே எழுதிப் பழகிக் கொள்ளுங்கள். பட்டியலில் ‘இறைச்சி’ என்று மட்டும் இருந்தால் சீனத்தில் அது பெரும்பாலும் பன்றியையே குறிக்கும். பிஸ்கட், கேக் வகைகளில் பன்றிக் கொழுப்பும், கறிகளில் சமையல் மதுவும் கலந்திருக்கலாம். கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

தூதரக விருந்துகளில் கோப்பை உயர்த்தி வாழ்த்துவது வழக்கம். அதற்காகச் சங்கடப்படத் தேவையில்லை. மதுவுக்குப் பதில் தேநீரை உயர்த்துவது சீனர்களிடமே உள்ள பழைய மரியாதை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் வீட்டு விருந்தில் எது பரிமாறப்படும், எது பரிமாறப்படாது என்பது முதல் நாளிலேயே தெளிவாக இருக்கட்டும்.

அடுத்தது தொழுகை. வெளிநாட்டில் இருக்கும் காலமெல்லாம் சுருக்கித் தொழலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்து வைத்தாலே ஷாஃபிஈ மத்ஹபில் பிரயாணச் சலுகை முடிந்துவிடும். வருடக் கணக்கில் தங்கப் போகும் நீங்கள் அங்கே ஊர்வாசிகள். தொழுகையும் முழுமை, நோன்பும் கடமை. ஜூனில் சூரியன் மறைய இரவு 7.45 மணியாகும். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். உறைபனிக் குளிரில் வுழூச் செய்யத் தோல் காலுறை பெரிய உதவி. முழுமையாக வுழூச் செய்த பின் அதை அணிந்தால், ஊரிலிருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு கால் கழுவுவதற்குப் பதிலாக அதன் மேல் மஸ்ஹு செய்யலாம். மெல்லிய பருத்திக் காலுறை அதற்குப் போதாது. ஹூய் மக்கள் ஹனஃபிகள். ஸுப்ஹில் குனூத் ஓதமாட்டார்கள். அதைப் பார்த்துக் குழம்பாதிருக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. நம் ஊரில் அஸருக்குப் பின் பிள்ளை குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓடிவிடும். அங்கே சிறுவர்களுக்குப் பள்ளிவாசல்களில் மார்க்கம் கற்பிப்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. வட்ஸ்அப், யூடியூப், கூகுள் மூன்றும் அங்கே தடுக்கப்பட்டுள்ளன. 2021 ஒக்டோபரில் பலரும் பாவித்த குர்ஆன் செயலியொன்று அப்பிளின் சீனக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே முஸ்ஹப், காயிதா, ஓதல் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் இங்கேயே தயார் செய்யுங்கள். சீனர்கள் பாவிக்கும் ‘வீசெட்’டை உம்மும்மாவின் தொலைபேசியிலும் உஸ்தாதின் தொலைபேசியிலும் இப்போதே போட்டுப் பழக்குங்கள். இங்கே மாலை 4 மணி என்றால் அங்கே 6.30. பாடம் கேட்க நல்ல நேரம்.

பிள்ளைகளை விட்டுச் செல்வது பற்றி என் கருத்தைக் கேட்டால், ஓதல் நின்றுவிடும் என்று அஞ்சி பிள்ளையை விட்டுப் போவதைவிட, ஓதலைக் கையோடு கொண்டு போவதே மேல் என்பேன். சிறு வயதில் தாய் தந்தையைப் பிரிந்திருந்த வருடங்களைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது. “எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதே” என்று தயங்காதீர்கள். சீனாவின் கைபெங் நகரில் 1820இல் எழுந்த பெண்கள் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அத்தகைய பள்ளிகளில் பெண் ஆஹூங்மார் பெண்களுக்கு மார்க்கம் கற்பித்து வந்தார்கள். அந்நாட்டில் தீனைக் காத்ததில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. உங்கள் சமையலறை மேசையும் ஒரு மத்ரஸாவாகலாம்.

ஒன்றை மறைக்கலாகாது. சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் மீது பாரதூரமான மனித உரிமை மீறல்கள் நடந்துள்ளதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கையிட்டது. தூதரகக் குடும்பத்தார் கண்ட இடத்தில் அதை விவாதிக்க முடியாது. ஆனால் ஸுஜூதில் துஆ கேட்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

புறப்படுமுன் பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்கு ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். 1911இல் காலியில் கிடைத்த கல்வெட்டொன்று அங்கே இருக்கிறது. 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். அதை இலங்கைக்குக் கொண்டு வந்தது சீனக் கடற்படைத் தளபதி ஷெங் ஹீயின் கப்பற்படை. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஹஜ்ஜுச் செய்தவர்கள். சீனாவுக்கும் நம் தீவுக்கும் இடையிலான கடல்வழியில் முஸ்லிம்கள் எப்போதோ போய் வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அச்சம் பாதி குறைந்துவிடும்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, ஈமானோடு திரும்பி வர அருள்வானாக. ஆமீன்.