மறுப்பதற்கு முன்

உங்கள் இல்லங்களிலும் அரசியலும் மார்க்கமும் பேசப்படுகின்றன அல்லவா? பேசி முடித்தபின் ஸலாம் சொல்லிப் பிரிகிறீர்களா, முகம் திருப்பிப் பிரிகிறீர்களா?

முகம் திருப்பச் செய்தவன் நான். ஒரு ரமலான் இரவு, தராவீஹ் முடிந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் தேர்தல் பற்றிப் பேச்செழுந்தது. நம் சமுதாயம் தனிக் கட்சியாக நிற்பதா, பெரிய கட்சிகளில் சேர்ந்து பணியாற்றுவதா என்பதே பொருள். என் மனைவியின் தமையனார் பெரிய கட்சிகளின் பக்கம் பேசத் தொடங்கினார். அவர் முடிக்குமுன்பே, "பதவி ஆசை பேசுகிறது" என்றேன். திண்ணையே சிரித்தது. அவர் எழுந்து சென்றார். பெருநாளன்றும் வரவில்லை. அவருக்கென எடுத்துவைத்த வட்டிலப்பத்தை என் மனைவி இரவுவரை மூடியே வைத்திருந்தார்.

சில வாரங்களுக்குப் பின், மாணவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் படித்தேன். 1091-இல் பக்தாத் நிஜாமிய்யாவில் ஆசிரியப் பொறுப்பேற்ற இமாமவர்கள், தத்துவவாதிகளின் நூல்களை, பாடம் நடத்தியது போக எஞ்சிய நேரத்தில், ஏறத்தாழ ஈராண்டுகள் தாமே கற்றார்கள்; மேலும் ஓராண்டு அவற்றைச் சிந்தித்தார்கள். ஒரு கலையில் வல்லவனுக்கு நிகராக அதனைக் கல்லாதவன் அதன் குறையை அறியமாட்டான் என்பது அவர்களின் துணிபு. தத்துவவாதிகளை 20 பொருள்களில் மறுத்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலையும் இயற்றினார்கள். இமாமவர்கள் 1111-இல் மறைந்தபின் பிறந்த இப்னு ருஷ்து அந்நூலுக்கு மறுப்பெழுதினார். அவரும் இமாமின் கூற்றை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் விடையைக் கூறினார்.

அவர்களின் மூன்றாண்டுகள் எங்கே, என் ஒரு நொடி எங்கே!

மறுநாளே அவர் இல்லம் சென்றேன். "மச்சான், அன்று நீங்கள் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். பிழையிருந்தால் திருத்துங்கள்" என்றேன். திருத்தினார். நம்மவர் திரண்டு வாழும் ஊர்களில் தனித்து நிற்பதை அவர் எதிர்க்கவே இல்லை. சிதறி வாழும் ஊர்களைப் பற்றியே பேசியிருக்கிறார்! அதற்கு என்னிடம் விடை இல்லை. பிறவற்றில் இன்றும் நாங்கள் வேறுபடுகிறோம். அடுத்த பெருநாளுக்கு அவர் வந்தார்.

அழகிய முறையில் விவாதிக்கவே திருமறை (16:125) பணிக்கிறது. எதிரில் இருப்பவர் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்பும்வரை மறுப்பை நிறுத்திவைப்பது அதன் முதற்படி என்று கருதுகிறேன். அந்தப் பொறுமையை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.