பரு வரல்

முகத்தில் பரு வந்த பெண்ணிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது நம் ஊரில் எழுதப்படாத விதி. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நம் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். "என்னாம்மா இது, மூஞ்சியெல்லாம் இப்படி?" என்று கேட்டுவிடுவார். உடனே ஒரு வைத்தியமும் வரும்.

உழவர்கரையில் எனக்குப் பதினைந்து வயது ஆனபோது, மூலக்குளத்திலிருந்து ரெட்டியார்பாளையம் வரை போய்த் திரும்புவதற்குள் நான்கு வைத்தியங்களைக் கேட்டுவிடுவேன். ஒருவர் எண்ணெயைக் கண்ணாலேயே பார்க்காதே என்பார். இன்னொருவர் உடம்பு சூடு, நல்லெண்ணெய் தேய் என்பார். தேங்காய் எண்ணெயை ராத்திரி தடவிக்கொண்டு படு என்பார் அத்தை ஒருவர். வேப்பெண்ணெய் வைத்தால் புழு பூச்சி செத்துவிடும் என்பார் எதிர்வீட்டுப் பெரியம்மா. நான்குக்கும் மேலாக ஐந்தாவது ஒன்றும் உண்டு: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." பிறகு பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், பருவின் தழும்புகளைக் காரணம் காட்டி இன்னும் பத்துப் பவுன் கேட்டது. வைத்தியமாகச் சொல்லப்பட்ட கல்யாணத்துக்கு அந்த நோயே தடையாக இருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து என் மாணவிகளும் இதையேதான் கேட்கிறார்கள். எண்ணெய்தான் காரணம், எண்ணெய்தான் மருந்து. ஒரு வித்தியாசம், இப்போது அந்த எண்ணெய் முப்பது மில்லி கண்ணாடிக் குப்பியில் சொட்டுக்குழாயோடு வருகிறது. மேலே 'இயற்கை' என்று எழுதியிருக்கிறது.

எந்த எண்ணெய் என்று முதலில் கேட்க வேண்டும். எள்ளின் நெய்தான் எண்ணெய். வடமொழியில் திலம் என்றால் எள், அதிலிருந்து தைலம். எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் எண்ணெயை 'உய்ல்' என்றார்கள், அந்தச் சொல் ஆலிவ் காயின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அவரவர் மண்ணில் விளைந்த வித்தின் பெயரையே எல்லா எண்ணெய்க்கும் வைத்துக்கொண்டார்கள். அதனாலோ என்னவோ, எல்லா எண்ணெயும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது.

என் ஆயாவுக்கு அந்த எண்ணம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மார்செய்க்குப் போனது. அங்கே அதை எண்ணெயாக ஆட்டினார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். அந்த வணிகத்தின் கடைசிக் காலத்தில் மல்லாட்டை உடைக்கும் கூலிக்குப் போன சிறுமிகளில் ஆயாவும் ஒருத்தி. எந்த வித்து எவ்வளவு எண்ணெய் விடும், எது சீக்கிரம் காறும், எது கையில் பிசுபிசுக்கும் என்பதெல்லாம் விரல் நுனியிலேயே அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சுவாள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று எண்ணெய்க் குளியலுக்கும் எங்கள் வீட்டில் ஆண் பெண் பிரிவு இருந்தது. உச்சந்தலையிலிருந்து பாதம்வரை தேய்த்துவிட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பாள். நெற்றியில் வழிவதை மட்டும் புறங்கையால் வழித்துவிடுவாள். "மூஞ்சிக்கு வேணாம் புள்ள, அது ஏற்கெனவே கக்குது" என்பாள். பிறகு தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தமாவு. வழுவழுப்புப் போகும்வரை விடமாட்டாள். "எண்ண வைக்கிறது பாதி வேல, எடுக்கிறதுதான் மீதி" என்பது அவள் வாக்கு.

இன்று 'பாட்டி வைத்தியம்' என்ற பெயரில் விற்கப்படுவதில் இந்த இரண்டாவது பாதி இல்லை. வைத்துக் கழுவிய எண்ணெய், இரவெல்லாம் முகத்தில் கிடக்கும் எண்ணெயாக மாறிவிட்டது. அதற்கு மரபு என்ற முத்திரை வேறு.

பரு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூப்படையும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுகின்றன, பெண் உடம்பிலும்தான். அவை தோலின் கொழுப்புச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கும் கொழுப்பில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, அழற்சி வருகிறது. இது அழுக்கால் வருவதல்ல. ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் வறண்டு எரியுமே தவிரப் பரு போகாது. பையனை நினைத்ததால் வருவதும் அல்ல. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தோன்றும். சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து தடவும் எண்ணெய் இந்த அடைப்பைக் கூட்டவும் செய்யலாம். நான் படித்த பள்ளியில் தலையில் எண்ணெய் வழிய, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி வராவிட்டால் வெளியே நிறுத்துவார்கள். எண்ணெய் வைக்காத தலை அடங்காத பெண்ணின் தலை. நெற்றியோரமும் கன்னப்பொறியும் எங்களுக்குப் பொரிப்பொரியாக இருக்கும். அதே ஆசிரியர்கள் "முகம் கழுவ மாட்டீங்களா?" என்றும் கேட்பார்கள். 1970இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், தலைக்குக் களிம்பும் எண்ணெயும் பூசும் கறுப்பின ஆண்களின் நெற்றியிலும் பொட்டிலும் வந்த இதே பொரியைப் பார்த்து 'பொமேட் பரு' என்று பெயரிட்டு எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் புறங்கைதான் நினைவுக்கு வந்தது. நெற்றியில் வழிவதை ஏன் வழித்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாணவிகள் கேட்பதால், தெரிந்தவரை எண்ணெய்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஆய்வுக்கூடத்தில் லாரிக் அமிலம் பருவின் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கும் எண்ணெய்களின் பட்டியலில் மேலே இருக்கிறது. கைகாலுக்கு நல்லது, பரு வரும் முகத்தில் இரவு முழுக்க வைக்க உகந்ததல்ல. நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலமும் ஓலெயிக் அமிலமும் ஏறத்தாழச் சம அளவு, நடுத்தரமானது. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அதிகம், தோலில் கனமாக உட்காராது. பரு உள்ளவர்களின் தோல் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் குறைவாக இருப்பதை 1980களிலேயே கண்டார்கள். அதனால் அதைத் தடவினால் பரு போய்விடும் என்று ஆகாது. எண்ணெய் தேவைப்பட்டால் இது குறைந்த தொல்லை என்று மட்டும் சொல்லலாம்.

வேப்பெண்ணெயை அப்படியே வைத்தால் சிலருக்குத் தோல் வெந்துபோகும். குழந்தைகளுக்கு உள்ளே கொடுப்பது ஆபத்து, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். டீ ட்ரீ எண்ணெய்க்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் சம்பந்தமில்லை, அது ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வருவது. 1990இல் சிட்னியில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவு. கவனிக்க வேண்டியது அந்த 5 சதவீதத்தை. குப்பியிலிருந்து நேராகச் சொட்டுவது நூறு சதவீதம்.

'துளை அடைக்காது' என்று இன்று குப்பிகளில் எழுதுகிறார்களே, அந்த அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1972இல் ஆல்பர்ட் கிளிக்மனும் மில்ஸும் அழகுப் பொருள்களை முயலின் காதில் தடவிப் பார்த்தார்கள். 1989இல் ஜேம்ஸ் ஃபுல்டன் சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்ட நீண்ட பட்டியலை வெளியிட்டார். முயல் காது மனித முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஆகவே அந்த எண்கள் நம் முகத்துக்கு அப்படியே பொருந்தா. கிளிக்மன், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனை நடத்தியவரும்கூட. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். அழகுக் குப்பியின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சொல்லுக்குப் பின்னால் முயல்களும் கைதிகளும் இருக்கிறார்கள். சந்தை அதை அச்சிடுவதில்லை.

நம் ஊர்ச் சந்தைக்கு வேறொரு கவலையும் உண்டு. மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் பரு ஆறினாலும் கருந்தடம் சில மாதங்கள் நிற்கும். அதைச் சந்தை 'கறை' என்கிறது. கறையைப் போக்கும் மருந்து மெல்ல நிறத்தைப் போக்கும் மருந்தாகிறது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரில் ஒரு சொல் மாறியது, பெண்ணின் முகத்தைத் திருத்த வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் படரும் புள்ளிகளுக்குச் சுணங்கு, திதலை என்று பெயர்கள் உண்டு. புலவர்கள் அதை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு வியந்தார்கள். அதுவும் பெரும்பாலும் ஆண் கண் கண்ட அழகுதான், அதை நான் கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் மாசு மருவற்ற தோல்தான் தமிழ்ப் பெண்ணுக்கு அழகு என்பது தொன்றுதொட்டு வந்த கருத்தல்ல என்பதற்கு அந்தச் சொற்கள் சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வருவாள். புதுச்சேரியில் வெயிலுக்காக எல்லாப் பெண்களும் செய்வதுதான். அவள் வகுப்புக்குள்ளும் அதை முழுக்க அவிழ்ப்பதில்லை. கருத்தரங்கக் கட்டுரையைக் கடைசி பெஞ்சிலிருந்தே படிக்கலாமா மேம் என்று கேட்டாள். இரவில் குங்குமாதி தைலம், பகலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீம் என்று ஓர் ஆண்டாக ஓட்டியிருக்கிறாள். முதல் வாரத்தில் முகம் பளபளத்ததாம். பிறகு க்ரீமை ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிந்து, பரு முன்னைவிட அதிகமாக வந்தது. அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருந்தது. 2018 முதல் அத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அவளிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. தன்னைக் கெடுத்தது எண்ணெயா க்ரீமா என்று பிரித்தறிய அவளுக்கு வழியும் இல்லை.

தோல் மருத்துவரிடம் போனாள். அவர் தைலத்தை நிறுத்தச் சொன்னார், க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அந்த ஓர் ஆண்டில் அவள் முகத்தைப் பற்றிப் பேசிய அத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒழுங்காக வரவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தது. உதட்டின் மேல் வளர்ந்த முடியும், தாடையோரம் வந்த பருவும் அதே கதையின் பக்கங்கள்.

எனவே கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எண்ணெய் பிடித்தால் உடம்புக்குத் தேயுங்கள், கழுவுங்கள். முகத்துக்குப் புதிதாக எதை வைத்தாலும் முதலில் தாடைக்கு அடியில் கொஞ்சமாக இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். ஆழமாக வலிக்கும் கட்டியோ, மாதவிடாய் தவறுவதோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நம் கோரிமேட்டிலேயே ஜிப்மரில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் உங்கள் உரிமைதான்.

திருக்குறளின் 119ஆம் அதிகாரத்துக்குப் 'பசப்புறு பருவரல்' என்று பெயர். பருவரல் என்றால் துன்பம். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி அதைப் 'பரு வரல்' என்று பிரித்துப் படிப்பாள், வகுப்பு சிரிக்கும். அந்த அதிகாரத்தில் ஒரு பெண் சொல்கிறாள்: இவள் மேனி நிறம் மாறிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள், அவன் விட்டுப்போனான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தோலில் தெரிவதைப் பேச ஊரே வரும், உள்ளே நடந்ததைக் கேட்க ஆள் வராது.

அந்த மாணவி கருத்தரங்குக்கு எடுத்துக்கொண்டது அந்த அதிகாரத்தைத்தான். முகத்தில் தடங்கள் அப்போதும் இருந்தன. சிகிச்சை தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னால் நின்று படித்தாள். முடிவில் ஒரு கேள்வி வைத்தாள்: பிரிவு இருவருக்கும் பொது என்றால், இந்த அதிகாரத்தில் பசலை ஏன் அவள் தோலில் மட்டும் படர்கிறது? அவன் மேனி என்ன ஆயிற்று?

மாணவர்கள் பலரும் பேசினார்கள். மணி அடித்தும் விவாதம் முடியவில்லை, மறுநாள் வகுப்பையும் அதற்கே கொடுத்தேன்.