கிணற்றடிப் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் ஊறும் மாரிமழையே எமது நன்னீர். அது உவர்நீரின் மேல் மிதப்பது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். இதைப் பலமுறை எழுதியவன் நான். நிலைபேறான அபிவிருத்திக்கான கல்விக்கென ஐ.நா. அறிவித்த 2005–2014 தசாப்தத்தைப் பற்றியும் எழுதினேன். எங்கள் வீட்டு மோட்டார் மட்டும் ஓய்ந்ததில்லை.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக அயற்கிணறுகளைக் கயிறுவிட்டு அளந்துவந்த மாணவி ஒருத்தி, எங்கள் கிணற்றையும் அளந்தாள்.

"ஐயா, போன மாதத்தைவிட ஒரு முழம் குறைவு. வாழைக்கு இரவிலும் இறைக்கிறீங்களோ?"

மௌனமானேன்.

அவளது அட்டவணையை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார்கள். அயலவர் கூடி வாசித்தோம். முறைவைத்து இறைக்க இணங்கினோம். என் கட்டுரைகளும் அதே வாசிகசாலை மேசையில் கிடந்தவைதான். அவற்றில் எந்தக் கிணற்றின் அளவும் இருந்ததில்லை. என் கிணற்றின் அளவுகூட.